பொறிவண்டின் பிள்ளையைத் தெரியுமா? வீட்டுத் தோட்டத்தில் வேட்டைப் பூச்சிகளை அடையாளம் காணுதல்

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களிடம் நன்மை செய்யும் பூச்சி எது என்று கேட்டால் பெரும்பாலும் பொறிவண்டு என்றுதான் பதில் வரும். கூடவே தட்டான், கும்பிடுபூச்சி என்று ஒன்றிரண்டு பெயர் சேரும். பதில் தப்பில்லை. ஆனால் அதே ஆள் அவரைக் கொடியில் கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு சின்னப் புழு வேகமாக ஊர்வதைப் பார்த்தால், "இலையைத் தின்ன வந்துவிட்டது" என்று வேப்பெண்ணெய்க் கரைசலைக் கலக்கப் போய்விடுவார். அந்தப் புழு பொறிவண்டின் பிள்ளை. தாயையும் தகப்பனையும் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டு, பிள்ளையை மருந்தடித்துக் கொல்வது நம் தோட்டங்களில் தினமும் நடக்கிறது.

நல்ல பூச்சிகளைப் பற்றிய பேச்சில் பெரிய குழப்பமே இதுதான். பல பூச்சிகள் நமக்கு அதிகம் உதவுவது இறக்கை முளைத்த பிறகு இல்லை, அதற்கு முந்தைய புழுப் பருவத்தில். அந்தப் பருவத்தில் அவை பார்க்க நன்றாகவும் இருப்பதில்லை. அதனால் படத்தில் பார்த்த அழகான வண்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனால் உதவாது.

பேச்சு வசதிக்காக ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வோம். மற்றப் பூச்சிகளைப் பிடித்துத் தின்றே வாழும் பூச்சியை வேளாண்மைத் துறையினர் இரைவிழுங்கி என்பார்கள். ஒன்றைத் தின்று முடித்ததும் அடுத்ததைத் தேடிப் போகும். வாழ்நாளில் பல இரைகள் தேவைப்படும்.

நல்ல பூச்சி ஏன் தாமதமாக வருகிறது

புதிதாகக் கட்டட வேலை ஆரம்பிக்கிற இடத்தைக் கவனித்திருப்பீர்கள். முதலில் கொத்தனார், சித்தாள் என்று வேலையாட்கள் வருவார்கள். சில நாள் கழித்துத்தான் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி டீக்கடை முளைக்கும். குடிக்க ஆள் இல்லாத இடத்தில் யாரும் கடை போட மாட்டார்கள். செடியிலும் கணக்கு இதேதான். கொழுந்தில் கூட்டமாக ஒட்டிச் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினி கூடிய பிறகுதான் அதைத் தின்னும் பூச்சி வரும். தீங்கு செய்யும் பூச்சி ஒன்றுகூட இருக்கக் கூடாது, நல்ல பூச்சி மட்டும் வேண்டும் என்பது நடக்காத காரியம்.

இனி உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அசுவினியில் பெண் பூச்சிக்கு ஆண் துணையே தேவையில்லை. முட்டையும் இடாமல் நேராகக் குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரம் பத்து நாளில் தானும் குட்டி போட ஆரம்பித்துவிடும். பொறிவண்டோ இணை தேட வேண்டும், முட்டை இட வேண்டும், முட்டை பொரிந்து புழுவாகி, அப்புறம் கூட்டுப்புழுவாகி வண்டாக வேண்டும். நம் ஊர் வெயிலிலேயே இதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆகவே ஆரம்பத்தில் அசுவினிதான் முந்தும். கடிபட்ட செடி வெளிவிடும் வாசனையையும், அசுவினி கழிக்கும் இனிப்பு நீரையும் மோப்பம் பிடித்து இரைவிழுங்கிகள் வந்து சேர்வது அதற்குப் பின்னால்தான்.

இந்த இடைவெளியில்தான் நமக்குப் பொறுமை போய்விடுகிறது. மருந்து அடிக்கிறோம். இரண்டு பக்கமும் சாகின்றன. ஒளிந்து பிழைத்த நாலு அசுவினி ஒரு வாரத்தில் மறுபடி பெருகிவிடும். இந்த முறை அவற்றைத் தின்ன ஆள் இல்லை. மருந்தடித்த பிறகு பூச்சி முன்னைவிட அதிகமாக வருவதை மறுபெருக்கம் என்பார்கள். இது வீட்டுத் தோட்டத்து விஷயம் மட்டும் இல்லை. இந்தோனேசியாவின் நெல் வயல்களில் புகையான் பூச்சி இப்படித்தான் மருந்து அடிக்க அடிக்கப் பெருகியது. கடைசியில் 1986-ல் அதிபர் சுகார்த்தோவின் அரசு, நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளுக்குத் தடை போட்டது. வயலில் இருந்த சிலந்திகளும் மற்ற இரைவிழுங்கிகளும் செத்ததுதான் புகையானுக்கு வசதியாகப் போயிற்று என்று ஆய்வாளர்கள் காட்டியதன் விளைவு அது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: இரை முதலில் வரும், வேட்டைக்காரன் பிறகு வருவான். நடுவில் இருக்கும் நாட்களில் நாம் அவசரப்பட்டால் வேட்டைக்காரனை இழப்போம்.

எதைப் பார்த்து அடையாளம் காண்பது

அழகை நம்பாதீர்கள். எலுமிச்சைச் செடியைச் சுற்றும் கறுப்பு மஞ்சள் பட்டாம்பூச்சி கண்ணுக்கு எவ்வளவு அழகு! அது வந்து போனதற்கு அடுத்த வாரம், பறவை எச்சம் மாதிரி ஒரு புழு கொழுந்தை எல்லாம் மொட்டையடித்துக்கொண்டிருக்கும். (எனக்கு அதில் வருத்தம் இல்லை, பட்டாம்பூச்சிக்காக ஓர் எலுமிச்சைச் செடியை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கட்சி. அது வேறு விஷயம்.)

பூச்சியைத் தொடுவதற்கு முன் அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். இலையில் ஓட்டையோ சுரண்டலோ இல்லை, ஆனால் பக்கத்தில் அசுவினியோ மாவுப்பூச்சியோ கூட்டமாக இருக்கிறது, நடுவில் வேறு ஜாடையில் ஓர் ஆள் நடமாடுகிறது என்றால், அது பெரும்பாலும் சாப்பிட வந்த இரைவிழுங்கிதான். நடையும் காட்டிக்கொடுக்கும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு உணவு காலடியிலேயே இருக்கிறது, அது அசையாது. இரையைத் தேட வேண்டியவன் இலைக்கு மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருப்பான். இது எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதி இல்லை. ஆனாலும் முதல் பார்வைக்குப் போதும்.

பொறிவண்டும் அதன் கெட்ட சொந்தக்காரனும்

நம் தோட்டங்களில் அதிகம் தென்படும் பொறிவண்டு, மஞ்சளோ ஆரஞ்சோ கலந்த சிவப்பு முதுகில் கறுப்பு வளைகோடுகள் ஓடும் வகை. கோடுகளுக்குப் பதில் கறுப்புப் பட்டைகள் உள்ளதும் உண்டு. அரைச் சென்டிமீட்டர்தான் இருக்கும். மெருகு போட்டது போலப் பளபளக்கும்.

அது இடும் முட்டைகள் மஞ்சள் நிறம், நீளவாக்கில் கூர்மையானவை. இலையின் அடியில் பத்து இருபதாக நெருக்கி, நட்டு வைத்தது போல நிற்கும். அசுவினிக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதிலிருந்து வரும் புழுதான் எல்லாரும் பயப்படும் ஆள். நீண்ட உடல், பின்பக்கம் குறுகியிருக்கும். கருத்த நிறத்தில் ஆரஞ்சோ வெள்ளையோ திட்டுகள். முன்பாதியில் ஆறு கால் தெளிவாகத் தெரியும். முதுகில் சின்னச் சின்ன முள் மாதிரி மேடுகள். சரியான முதலைக் குட்டி தோற்றம். வண்டாக மாறுவதற்குள் இந்தப் புழு சில நூறு அசுவினிகளைத் தின்றுவிடும். பிறகு இலையிலோ தொட்டி விளிம்பிலோ வாலை ஒட்டிக்கொண்டு, அசையாத ஆரஞ்சுக் குமிழாகச் சில நாள் கிடக்கும். அதுதான் கூட்டுப்புழு. காய்ந்த ஏதோ ஒன்று என்று நகத்தால் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். சுரண்ட வேண்டாம்.

இந்தக் குடும்பத்திலேயே இலை தின்னும் ஒருவன் இருக்கிறான். கத்தரி, பாகல் செடிகளில் வரும் எபிலாக்னா வண்டு. ஒரே உருவம், ஒரே அளவு. இதனால் "பொறிவண்டும் இலையைத் தின்னும்" என்று சிலர் நல்லதையும் சேர்த்துக் கொல்கிறார்கள். இன்னும் சிலர் இதையும் நல்லது என்று வளர்க்கிறார்கள்! வித்தியாசம் சுலபம். எபிலாக்னா செங்கல் நிறத்தில் மங்கலாக இருக்கும், பளபளப்பு கிடையாது, உற்றுப் பார்த்தால் உடலில் பூனைமயிர் தெரியும். முதுகில் 12 அல்லது 28 புள்ளிகள். அதன் புழு மஞ்சள், உடல் முழுக்கக் கிளை விட்ட முட்கள். இலையின் பச்சையத்தைச் சுரண்டி, நரம்பை மட்டும் விட்டு வலை மாதிரி ஆக்கிவிடும். கத்தரி இலை வலையாக இருந்து அதன்மேல் மங்கலான புள்ளி வண்டு உட்கார்ந்திருந்தால் தயங்காமல் கையால் எடுத்து நசுக்கலாம்.

மாவுப்பூச்சிக் கூட்டத்தில் மாறுவேடம்

செம்பருத்தி வளர்ப்பவர்களுக்கு மாவுப்பூச்சியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அந்த வெள்ளைக் கூட்டத்தின் நடுவே மற்றவற்றைவிடப் பெரிதாக, நீளமான வெள்ளை இழைகள் தொங்க ஒன்று நடந்து போனால், "தாய் மாவுப்பூச்சி" என்று முதலில் அதைத்தான் நசுக்கத் தோன்றும். அது கிரிப்டோலேமஸ் என்ற ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சிகளுக்கு நடுவிலேயே இருந்துகொண்டு அவற்றையே தின்னும். குச்சியால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். மாவுப்பூச்சி நகரவே யோசிக்கும், இது விறுவிறு என்று நடந்துவிடும். வளர்ந்த வண்டில் புள்ளியே இருக்காது. கருத்த முதுகு, தலைப்பக்கமும் பின்நுனியும் ஆரஞ்சு. 1898-ல் காப்பிச் செடியின் செதில் பூச்சிக்கு எதிராக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு இது. இன்று ஆய்வுக்கூடங்களில் வளர்த்து விற்கவும் செய்கிறார்கள்.

இதே கூட்டத்தில் இன்னொரு விசித்திரமும் உண்டு. பட்டாம்பூச்சிப் புழு என்றால் இலை தின்னும் என்றுதானே நினைப்போம். ஸ்பால்கிஸ் என்ற சின்னப் பட்டாம்பூச்சியின் புழு இலையைத் தொடாது, மாவுப்பூச்சியைத்தான் தின்னும். மாவை மேலே பூசிக்கொண்டு உள்ளேயே கிடக்கும். அதன் கூட்டுப்புழுவை மேலிருந்து பார்த்தால் குரங்கு முகம் அச்சாகத் தெரியும். பப்பாளி இலையில் குரங்கு முகம் ஒன்று முறைத்தால் பயப்படாமல் விட்டுவிடுங்கள்.

நூல்மேல் முட்டை

இலையிலோ, துணி காயப்போடும் கம்பியிலோ, கொசுவலையிலோ மெல்லிய வெள்ளை நூல்கள் நட்டு வைத்தாற்போல நின்று, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறு முட்டை இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பூஞ்சணம் என்று துடைத்துவிடுவார்கள். கொரியாவிலும் சீனாவிலும் புத்தர் சிலைமேல் இதைக் கண்டு, அபூர்வமான புனித மலர் பூத்துவிட்டது என்று மக்கள் கூடி வணங்கிய செய்திகள் உண்டு.

அவை கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். கிரைசோபா என்றும் சொல்வார்கள். இரவில் விளக்கைத் தேடி வரும் மென்பச்சைப் பூச்சி, உடலைவிடப் பெரிய ஒளிபுகும் இறக்கை, பொன் நிறக் கண். முட்டை நூலில் நிற்பதற்குக் காரணம் உண்டு. முதலில் பொரிந்த புழு பக்கத்து முட்டையையும் தின்னக்கூடியது, எறும்பும் தேடி வரும். உயரத்தில் இருந்தால் பிழைக்கலாம். புழு பழுப்பு நிறம், இரண்டு முனையும் கூம்பிய உடல், தலையில் அரிவாள் மாதிரி இரண்டு தாடை. தாடைக்குள் குழாய் உண்டு. இரையைக் குத்திச் செரிமான நீரைச் செலுத்தி, கரைந்ததை உறிஞ்சிவிட்டு வெறும் தோலைப் போட்டுவிடும். இதில் சில வகைகள் தின்ற பூச்சிகளின் தோலையும் குப்பையையும் முதுகில் சுமந்து திரியும். இலைமேல் ஒரு துளி குப்பை தானாக நடந்து போனால் ஆள் யாரென்று தெரிந்துகொள்ளலாம். இறக்கை முளைத்த பிறகு பரவலாகக் காணப்படும் வகை வேட்டையை விட்டுவிட்டுத் தேனும் மகரந்தமும்தான் சாப்பிடும்.

தேனீ போல ஓர் ஈ

கொத்தமல்லிப் பூவின் மேல் மஞ்சள் கறுப்புப் பட்டை போட்ட ஏதோ ஒன்று, காற்றில் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நின்று சட்டென்று பக்கவாட்டில் நகர்ந்தால் அது சிர்பிட் ஈ. தேனீக்கு நான்கு இறக்கை, இதற்கு இரண்டே. கொட்டவும் தெரியாது. இதன் புழுவை நல்ல பூச்சி என்று நம்ப வைப்பதுதான் கஷ்டம். கால் கிடையாது, தலையும் தெரியாது, பச்சையோ வெளிர்பழுப்போ கலந்த வழவழ உடல். அட்டைக்குட்டி மாதிரி அசுவினி நடுவே நெளியும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், ஓர் அசுவினியைக் கவ்வி, முன்பக்கத்தைத் தூக்கி அந்தரத்தில் வைத்தபடியே உறிஞ்சுவது தெரியும். இலை தின்னும் புழுவுக்குக் கால் உண்டு, பக்கத்தில் இலையில் ஓட்டையும் இருக்கும். இதற்கு இரண்டும் இல்லை.

மூக்கைப் பார்க்க வேண்டிய பூச்சிகள்

நாவாய்ப்பூச்சி இனத்தில் செடியின் சாற்றை உறிஞ்சுகிறவையும் உண்டு, மற்றப் பூச்சியைக் குத்தி உறிஞ்சுகிறவையும் உண்டு. வெண்டையில் கூட்டம் கூட்டமாக இருக்கும் சிவப்புப் பருத்திப்பூச்சி செடிக்குக் கெடுதல். அதே சிவப்பு கறுப்பில் நீண்ட கால்களோடு தனியாகத் திரியும் ரெடுவிட் பூச்சி புழுக்களின் எமன். செடி உறிஞ்சும் பூச்சியின் மூக்கு மெல்லியதாக, நேராக, வயிற்றோடு மடங்கியிருக்கும். ரெடுவிட்டின் மூக்கு குட்டையாகத் தடித்து, கொக்கி மாதிரி தலைக்கடியில் வளைந்திருக்கும். கையில் மட்டும் எடுக்காதீர்கள், நன்றாக வலிக்கக் குத்தும்.

குளவி புழுவைக் குளவியாக்குமா?

மண் கூட்டுக்குள் புழுவைக் கொண்டுபோய் வைத்துக் கொட்டிக் கொட்டி, குளவி அதையும் குளவியாக்கிவிடும் என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்வார்கள். சொற்பொழிவுகளில் குருவுக்கும் சீடனுக்கும் இதை உவமை காட்டுவதுண்டு. உவமை அருமைதான், ஆனால் கூட்டுக்குள் நடப்பது வேறு. குளவி கொட்டுவது புழுவைச் சாகடிக்காமல் செயலிழக்கச் செய்வதற்கு. செத்தால் அழுகிவிடுமே! கூட்டில் முட்டையும் இட்டு மண்ணால் அடைத்துவிடும். பொரிந்து வரும் குளவிக் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து, அடைப்பை உடைத்து வெளியே வரும். உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி என்று பார்த்தவர்கள் நடுவில் நடந்ததை ஊகித்துக்கொண்டார்கள். ஜன்னல் மூலையில் கூடு கட்டும் இந்தக் குளவிகளில் சில நம் கத்தரி, தக்காளிப் புழுக்களைக் கொண்டுபோகின்றன, சில சிலந்தியை மட்டும் பிடிக்கின்றன. ஆள் நடமாட்டம் இல்லாத மூலை என்றால் கூட்டை இடிக்காமல் விடலாம்.

கண்ணுக்கே சரியாகத் தெரியாத குட்டிக் குளவிகளும் உண்டு. அவை இரையைத் தூக்கிப் போவதில்லை. உயிரோடு இருக்கும் பூச்சியின் மேலோ உள்ளேயோ முட்டை இட்டுவிடும். குஞ்சு அந்த ஒரே பூச்சியைத் தின்று முடித்து அதைக் கொன்றுவிடும். இப்படி வாழ்வதை ஒட்டுண்ணி என்பார்கள். அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, பழுப்பு நிறக் காகிதம் போலக் காய்ந்து, முதுகில் வட்டமாக ஓட்டை விழுந்திருந்தால் ஒட்டுண்ணி வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இவை செய்த உபகாரம் பெரிது. 2008-ல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக்கியது. மருந்துக்கு அடங்கவில்லை. 2010-ல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு மையம், புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி வயல்களில் விட்டது. அதற்குப் பின் அந்தப் பூச்சியின் கொட்டம் அடங்கிவிட்டது.

சுருக்கமாக: பல இரைகளைத் தின்பது இரைவிழுங்கி, ஒரே பூச்சியில் வளர்ந்து அதை முடிப்பது ஒட்டுண்ணி. வீட்டுத் தோட்டத்தில் இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

பேர் வாங்கியவர்கள்

கும்பிடுபூச்சிக்கு இருக்கும் புகழ் கொஞ்சம் அதிகப்படி என்பேன். அது கிடைத்ததை எல்லாம் தின்னும், தேனீயையும் பட்டாம்பூச்சியையும் சேர்த்து. இருக்கட்டும், விரட்ட வேண்டாம். குச்சியில் காய்ந்த நுரை மாதிரி ஒட்டியிருப்பது அதன் முட்டைக்கூடு. தட்டான் பறக்கும் கொசுவைப் பிடிக்கும், அல்லித்தொட்டியில் அதன் குஞ்சு கொசுப்புழுவைத் தின்னும். செடியில் ஒட்டிய அசுவினிக்கு அதனால் பயன் இல்லை. சிலந்தி எட்டுக்கால் உள்ளது, பூச்சியே அல்ல. ஆனால் வேலையில் யாருக்கும் சளைத்ததில்லை.

அவை தங்க வேண்டுமென்றால்

வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல், இஞ்சி பூண்டுக் கரைசல் எல்லாம் இயற்கையானவை, நல்ல பூச்சியை ஒன்றும் செய்யாது என்று தாராளமாகச் சொல்கிறார்கள். சோப்பு நீர் மேலே பட்டால் பொறிவண்டுப் புழுவும் சிர்பிட் புழுவும் அசுவினியைப் போலவே பாதிக்கப்படும், அவையும் மென்மையான உடல்தானே. அடித்தே ஆக வேண்டுமென்றால் இலையின் அடியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பூச்சி உள்ள கிளையில் மட்டும், சாயங்காலம் அடியுங்கள். அதற்கு முன்னால் தண்ணீரைப் பீய்ச்சியோ, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தோ பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே முடியும்.

எறும்பைக் கவனிக்க வேண்டும். அசுவினியின் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டு வந்தால் கடித்துத் துரத்தும். செடி வைத்த ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது, கிண்ணத்துத் தண்ணீரை மட்டும் கொசு முட்டை வைக்காமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம், கொத்தமல்லி, சோம்பு செடிகளில் ஒன்றிரண்டைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். சின்னச் சின்னப் பூக்கள், வாய் சிறிய பூச்சிக்கும் தேன் எட்டும். உழவர்கள் வரப்பில் தட்டைப்பயறு போடுவது அதில் அசுவினி வந்து, அதைத் தேடிப் பொறிவண்டு வரட்டும் என்பதற்கும்தான். ஓரமாக ஒரு பையில் நாமும் விதைக்கலாம். பொறிவண்டை விலைக்கு வாங்கி மாடியில் விடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாப்பாடு இல்லையென்றால் அன்றைக்கே பறந்துவிடும்.

இவ்வளவு படித்தும் யாரென்று தெரியாத ஒரு புழு மாட்டினால் கொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். மூடியில் ஊசித்துளை போட்ட ஒளிபுகும் டப்பாவில் அந்தப் புழுவை விட்டு, அசுவினி உள்ள இலை ஒன்று, சுத்தமான இலை ஒன்று என்று வையுங்கள். மறுநாள் அசுவினி குறைந்திருக்கிறதா, இலை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டப்பாவுக்கு ஒரு புழுதான். இரண்டு கண்ணாடி இறக்கைப் புழுக்களைச் சேர்த்துப் போட்டால் காலையில் ஒன்றுதான் மிச்சமிருக்கும்.